கணவாய்க்கு எது காலம்?

கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஒரு கார்த்திகைக் கடைசியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊருக்கு வந்தார். கையில் புதுத் தூண்டில் கழி, பெட்டியில் தூண்டிலில் மாட்டும் ஆறு பொம்மை இறால். கணவாய் பிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று வந்தவர், மூன்று இரவு வடகடல் பக்கம் கல்லடுக்கில் நின்றார். வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் டீ மாதிரி கலங்கிக் கிடந்தது. ஒரு கணவாய்கூடத் தொடவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து தெற்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் தென்கடல் வந்துவிடும். அதே மூன்று இரவும் அந்தப் பக்கம் கடல் குளம் போலக் கிடந்தது. என் மாமா அங்கேதான் தெப்பத்தில் போய்வந்துகொண்டிருந்தார். தினமும் இரண்டு மூன்று கிலோ கணவாய் கொண்டுவந்தார்.

ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் நண்பருக்கு இது தெரிந்தது. "சீசன் இல்லைன்னு நினைச்சேன்" என்றார். சீசன் இருந்தது. அவர் நின்ற கரைதான் தப்பு.

கணவாய்க்கு எது நல்ல காலம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தின் பெயரை எதிர்பார்க்கிறார்கள், மாம்பழத்துக்குச் சித்திரை வைகாசி என்பது போல. தமிழ்நாட்டுக் கடலில் அப்படி ஒரு மாதம் கிடையாது. வருடம் முழுக்க எங்கேயாவது ஒரு கரையில் கணவாய் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எந்தக் காற்று அடிக்கிறது, எந்தக் கடல் அடங்கியிருக்கிறது, நிலவு எப்படி, தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. கணவாய் முட்டையிடும் காலம் அது. கரையில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

எந்தக் கணவாய் என்று முதலில் பிரித்துக்கொள்வோம். நம் கரையில் கணவாய் என்ற ஒரே பேரில் மூன்று உயிர்களைக் கூப்பிடுகிறோம். உடம்பு நீண்டு, முதுகுக்குள் கண்ணாடித் தகடு போல மெல்லிய ஒன்று இருந்தால் ஊசிக்கணவாய். அகன்ற உடம்பும் உள்ளே வெள்ளை ஓடும் இருந்தால் ஓட்டுக்கணவாய். கரையில் ஒதுங்கிக் கிடப்பதும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் அந்த ஓடுதான். எட்டுக் கால் மட்டும் இருந்தால் பேய்க்கணவாய். இங்கே பேசப்போவது முதலாவதைப் பற்றி. அதிலும் இரண்டு வகை நமக்கு வேண்டியவை. ஒன்று, ஆழத்தில் கூட்டமாகத் திரிந்து விசைப்படகின் இழுவலையில் பெட்டி பெட்டியாக வருவது. இன்னொன்று, பாரும் (கடலடிப் பாறைத் திட்டு) தாழையும் (கடல்புல்) இருக்கிற இடத்தில் வாழ்கிற பெரிய கணவாய். அதன் துடுப்பு உடம்பின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குச் சிறகு போல ஓடும். தெப்பத்துக்காரரும் தூண்டில்காரரும் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

இந்தப் பெரிய கணவாய்க்கும் எங்கள் கடலுக்கும் பழைய உறவு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் 1950களிலேயே இதன் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார்கள். எழுதும்போது இதற்கு அவர்கள் சொன்ன பெயரே பாக் விரிகுடாக் கணவாய் என்பதுதான். செங்கடலிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரைக்கும் பரவிக் கிடக்கிற உயிர் அது. அதற்கு எங்கள் ஊர்க் கடலின் பெயர் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

கணவாயின் காலக்கணக்கு புரிய வேண்டுமானால் அதன் ஆயுளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாறை மீனும் சீலாவும் பல வருடம் வாழும். கணவாய் அப்படியில்லை. நம் கடலில் வருகிற கணவாய்களின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், கொஞ்சம் முன்பின்னாக, முடிந்துவிடுகிறது. அதன் தலைக்குள் மணல் பருமனில் ஒரு சமநிலைக் கல் இருக்கிறது. அதில் நாளைக்கு ஒரு வளையம் விழும். மரத்தின் வயதை எண்ணுவது போல அந்த வளையங்களை எண்ணித்தான் கணவாய்க்கு எத்தனை நாள் வயது என்று கண்டுபிடிக்கிறார்கள். பெரிய கணவாயின் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போது அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். நான்கைந்து மாதத்தில் அது முட்டையிடும் வயதுக்கு வந்துவிடும். முட்டையிட்டு முடித்ததும் சாகும்.

அதனால் மாதத்துக்கு மாதம் பிடிபடுகிற கணவாயின் அளவே மாறும். ஒரு பருவத்தில் உள்ளங்கை நீளத்தில் எண்ணிக்கை நிறையக் கிடைக்கும். இன்னொரு பருவத்தில் முழங்கை நீளத்தில் நாலே நாலு கிடைக்கும். ஜப்பானில் இதே வகைக் கணவாயைத் தூண்டிலில் பிடிக்கிறவர்கள் இதை வைத்தே வருடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே வசந்த காலத்தில் முட்டையிட வரும் பெரிய கணவாயும், இலையுதிர் காலத்தில் அந்த வருடத்துக் குஞ்சுகளும். குளிர் முற்றிய மாதங்களில் கரையோரம் மெலிந்துவிடும். நம் கடலில் அந்த அளவுக்குக் குளிர் இல்லாததால் கோடு இவ்வளவு அழுத்தமாக விழுவதில்லை. முட்டையோடு இருக்கிற கணவாயை இங்கே பல மாதங்களில் பார்க்கலாம். நம் வருடத்தைப் பிரிப்பது காற்று.

இராமநாதபுரம் கரையில் காற்றின் கணக்கு எளிதானது. வடக்கே பாக் விரிகுடா, அதை வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். நடுவே குறுகலாய் நீண்டுபோன நிலமும் இராமேஸ்வரம் தீவும். ஐப்பசி பிறந்து வாடையும் கொண்டலும் (கிழக்குக் காற்று) வலுத்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். சித்திரை தாண்டிக் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். அதனால் நாட்டுப்படகுகள் வருடத்தில் பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமும் தொழில் செய்யும். கணவாய்க் கணக்கும் இதை ஒட்டித்தான். ஐப்பசியிலிருந்து மாசி வரை தென்கடல், பங்குனியிலிருந்து புரட்டாசி வரை வடகடல் என்று மோட்டாவாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு காற்றுக்கும் இடையில், மாசி பங்குனியில், இரண்டு பக்கமுமே சும்மா கிடக்கிற சில வாரங்கள் வரும். யாராவது என்னிடம் ஒரே ஒரு மாதம் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் நான் மாசியைச் சொல்வேன். மழைத் தண்ணீர் வடிந்து கடல் தெளிந்திருக்கும், வாடை தளர்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழும்பியிருக்காது.

காற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கணவாய் கண்ணால் வேட்டையாடும் உயிர். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் அதன் கண் மிகப் பெரியது. நிறங்களை நம்மைப் போல அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை அது பிடிக்கிற வேகம் அபாரம். காற்று அடித்து அடிச்சேறு கிளம்பிவிட்டால் அந்தக் கண்ணுக்கு வேலையில்லை. பாக் விரிகுடா பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுகிற கடல் என்பதால் இரண்டு நாள் காற்றே அதைக் கலக்கப் போதும். காற்று ஓய்ந்த அன்றைக்கே போகாமல், ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்ததும் போவதுதான் சரி. மாமா விடிகாலையில் கரையில் நின்று அலையைப் பார்க்க மாட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தன் காலைக் குனிந்து பார்ப்பார். கால் விரல் தெரிந்தால் அன்றைக்கு ராத்திரி தெப்பம் இறங்கும்.

மழைக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. கணவாய் நல்ல உப்புத் தண்ணீரில் வாழ்கிற உயிர். உப்பு குறைந்தால் தாங்காது, ஆழத்துக்கு விலகிப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஆறுகள் கடலில் விழுகிற நாட்களில் முகத்துவாரம் பக்கம் கணவாய் தேடுவது வீண். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கமோ, காவிரிக் கிளைகள் வந்து விழும் நாகப்பட்டினம் கரையோ கார்த்திகையில் நன்னீரும் சேறுமாய்க் கிடக்கும். அதே நாட்களில் ஆறு எதுவும் விழாத பார் பக்கம் கணவாய் இருக்கலாம். ஆக, மழை பெய்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த மழைத் தண்ணீர் எங்கே வந்து விழுந்தது என்று கேட்க வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழ். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கடலைப் புரட்டிப் போடும். புரட்டுவதோடு நிற்காது. காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டு வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதில் சத்து அதிகம். அந்தச் சத்தில் நுண்ணுயிர்கள் பெருகும், அதைத் தின்ன சாளையும் நெத்திலியும் வரும், அவற்றைத் தின்னக் கணவாய் வரும். மேற்குக் கரையில் மழைக்காலம் முடிந்த கையோடு கணவாய் குவிவதற்கு இதுதான் காரணம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் குளச்சலிலும் முட்டத்திலும் கரைக்கு வருகிற படகுகளில் கணவாய்ப் பெட்டிகளைப் பார்த்தால் விஷயம் புரியும். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற மேட்டுக் கடலும் கணவாய்க்குப் பேர் போனது. 1976-இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவின் உரிமை என்று உறுதியான பகுதி அது.

தடைக்காலமும் இந்தக் காற்றை ஒட்டித்தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தமிழ் மாதத்தில் சொன்னால் ஏறக்குறைய சித்திரையும் வைகாசியும் முழுசாக. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி என்ற ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் நடக்கும். சின்னமுட்டம் துறைமுகப் படகுகள் கிழக்குக் கணக்கில் ஜூன் நடுவில் கடலுக்குப் போகும்போது குளச்சல், முட்டம் படகுகள் கட்டிக் கிடக்கும். தமிழ்நாட்டில் 2001-இல் தொடங்கியபோது தடை 45 நாள்தான் இருந்தது, பிறகுதான் 61 ஆனது. மற்ற மீன்களுக்கு இரண்டு மாதம் பெரிய அவகாசம் இல்லை. ஒரு வருட ஆயுள் உள்ள கணவாய்க்கு இரண்டு மாதம் என்பது வாழ்க்கையில் ஆறில் ஒரு பங்கு. தடை முடிந்து இறங்கும் முதல் வாரப் படகுகளில் கணவாய் பெரிதாகவும் நிறையவும் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாட்டுப்படகுகளுக்கும் தெப்பங்களுக்கும் இந்தத் தடை கிடையாது என்பதால் சித்திரை வைகாசியில் சந்தைக்கு வருகிற கணவாய் பெரும்பாலும் கைத்தொழில் கணவாய். விலை கூடுதலாக இருக்கும். வலையில் உரசாமல், ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தது அது. அந்த விலைக்குத் தகும்.

சரி, மாதத்தை விட்டு நாளுக்கு வருவோம். நிலவா இருட்டா? கரையில் யாரைக் கேட்டாலும் அமாவாசை என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. விளக்கு வைத்துப் பிடிப்பவருக்கு இருட்டுதான் வேண்டும். கும்மிருட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தால் சுற்றுவட்டாரத்து மிதவை உயிர்கள் அந்த வெளிச்சத்துக்கு வரும், அவற்றின் பின்னால் பொடிமீன் வரும், அதன் பின்னால் கணவாய் வரும். பௌர்ணமி அன்று கடல் முழுக்க ஒரே வெளிச்சம். நம் விளக்கைத் தேடி வர வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. ஆனால் விளக்கே இல்லாமல் பார் ஓரத்தில் பொம்மை இறாலை மட்டும் போட்டுப் பிடிக்கிறவருக்கு நிலவு நல்லது. இறாலின் உருவம் மேலிருந்து வரும் நிலவொளியில் கணவாயின் கண்ணுக்குத் தெளிவாக விழும். நான் நிலவிலும் பிடித்திருக்கிறேன், இருட்டிலும் பிடித்திருக்கிறேன். நிலவு மறையும் முன் ஒரு மணி நேரமும், இருட்டுக்காலத்தில் நிலவு எழும்பும் முன் ஒரு மணி நேரமும் எனக்கு நன்றாகவே கிடைத்திருக்கின்றன.

விளக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கணவாய் வெளிச்சத்தின் நடுவில் வந்து நிற்காது. வெளிச்சத்தின் விளிம்பில், படகின் நிழல் விழும் இருட்டில் பதுங்கி நிற்கும். வெளிச்சத்தில் மேயும் மீனை அங்கிருந்து அம்பு போலப் பாய்ந்து பிடித்துக்கொண்டு மறுபடி நிழலுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் விளக்குக்கு நேர் கீழே தூண்டிலைப் போட்டுவிட்டு, கணவாய் இல்லை என்பார்கள். நிழல் கோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் முதன்முதலில் ஒழுங்காகப் பிடித்தது ஒரு மாசி இரவு, தென்கடலில், மாமாவின் நண்பர் வள்ளத்தில். தீவுகள் இருக்கிற பகுதி தேசியப் பூங்கா. 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்து அறிவித்தது. அதற்குள் போகக் கூடாது என்பதால் நங்கூரம் போட்டது அதற்கு வெளியே, ஏழு பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் என்பது விரித்த இரண்டு கை நீளம்). சூரியன் விழுந்து முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமா பேட்டரி விளக்கைப் போட்டார். பத்து நிமிடத்தில் மேல்தண்ணீரில் ஊசி ஊசியாய்ப் பொடிமீன் மின்னத் தொடங்கியது. "மாப்ள, அவசரப்படாதே. இப்ப வந்தது சாப்பாடு. சாப்பிட வர்றவன் இனிமேதான் வருவான்" என்றார்.

பொம்மை இறால் சாதாரண தூண்டில் முள் மாதிரி இருக்காது. வாலில் மேல்நோக்கி வளைந்த கம்பிகள் கிரீடம் போல இரண்டு அடுக்காக நிற்கும், அவற்றுக்குக் கொக்கி முனை கிடையாது. போட்டதும் அது மெதுவாக, தலை கீழாய்ச் சாய்ந்தபடி இறங்கும். மாமா ஒன்று இரண்டு என்று எண்ணச் சொன்னார். முப்பது எண்ணியதும் கையை இரண்டு தடவை மேலே வெட்டி இழுத்து அப்படியே விட வேண்டும். மேலே துள்ளுவது கணவாயைக் கூப்பிடத்தான். அது பிடிப்பது எப்போதும் இறால் மறுபடி இறங்கும்போதுதான். மீன் கடித்தால் வெடுக்கென்று ஒரு இழுப்பு வரும். கணவாயோ தண்ணீரில் ஊறிய பிளாஸ்டிக் பை மாட்டிய மாதிரி சும்மா கனக்கும். பிறகு அது பின்னோக்கிப் பீச்சிக்கொண்டு ஓடும். கொக்கி முனை இல்லாததால் நூல் ஒரு நொடி தொய்ந்தாலும் கழன்றுவிடும்.

மேலே வந்ததும் அது செய்கிற வேடிக்கையை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. தண்ணீருக்குள் தெரியும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, கைக்கு வந்ததும் செம்பழுப்பாய், பிறகு பாதி உடம்பு வெளுத்து, மறுபடி புள்ளி புள்ளியாய்ப் பொன்னிறமாய், மூச்சு விடுவது போல நிறம் ஓடும். மாமா அதன் முதுகைப் பிடித்து வயிற்றுப் பக்கக் குழலைக் கடலை நோக்கித் திருப்பினார். சரியாக அந்த நேரத்தில் கறுப்பு மை பீச்சியது. முழுதும் தண்ணீரில் விழுந்தது. நான் பிடித்த முதல் கணவாயை என் பக்கம் பார்க்க வைத்துத் தூக்கினேன். அந்தச் சட்டையில் இன்றுவரை கறை போகவில்லை.

அன்றைக்கு எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை நிறையக் கிடைத்தது. அப்புறம் நின்றுபோனது. நடு இரவில் இரண்டே இரண்டு. விடியக் கருக்கலில் மறுபடி ஒரு அரை மணி நேரம். இந்த வடிவம்தான் பெரும்பாலான இரவுகளில் திரும்பத் திரும்ப வரும். பகலில் கணவாய்க் கூட்டம் அடித்தரை ஒட்டிக் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் மேலே எழும்பும், விடியும்போது இறங்கும். எழும்புகிற நேரமும் இறங்குகிற நேரமும் தூண்டில்காரரின் நேரம். அடியை வாரிக்கொண்டு போகும் இழுவலைக்கு ஊசிக்கணவாய் பகலில் நன்றாக மாட்டுவதற்கும் இதே ஏற்ற இறக்கம்தான் காரணம். கடலில் பகல் ஒருவருக்கு, இரவு ஒருவருக்கு என்று பிரிந்திருக்கிறது.

கடலின் ஏற்றம் வற்றம் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது. இருந்தாலும் தூண்டில் வளைவிலோ (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) பாலத்தடியிலோ நின்று பிடிக்கிறவர்கள் தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைப் பார்த்துப் போவது நல்லது. பொடிமீன் ஏறும் தண்ணீரோடு கரைக்கு வரும். நீவாடு (கடல் நீரோட்டம்) பலமாக ஓடினால் பொம்மை இறால் இறங்காமல் பக்கவாட்டில் பறக்கும். அன்றைக்கு மூட்டை கட்டுவதே மேல்.

வெளிச்சத்துக்குச் சட்டமும் உண்டு. பலமான எல்இடி விளக்குகளைப் போட்டு இழுவலை, சுருக்குவலை, செவுள்வலை அடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு நம் கடல் எல்லை முழுக்கத் தடை செய்தது. ஆயிரக்கணக்கான வாட் வெளிச்சத்தில் ஒரு கூட்டத்தையே குஞ்சும் குளுவானுமாய் இழுத்து வலையால் மூடுவதற்கும், ஒரு பேட்டரி விளக்கில் ஒவ்வொன்றாய்த் தூக்குவதற்கும் உள்ள தூரம் பெரியது. மாநில விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தந்த ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நல்லது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நாளும் பிரிந்திருக்கிறது. இரவில் சின்ன வள்ளத்தில் போகிறவர்கள் எது எந்த நாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இழுவலையின் வழியில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருப்பது உயிரோடு விளையாடுவது.

இனி முட்டை. வடகடலில் தை பிறந்ததிலிருந்து ஆனி வரை தாழைத் திட்டுகளில் கணவாய் முட்டை அதிகம் தென்படும். பெரிய கணவாய் முட்டைகளை விரல் போன்ற வெள்ளை உறைகளில் வைத்து, கொத்துக் கொத்தாகத் தாழையிலும் பவளத்திலும் கிடக்கிற கயிறுகளிலும் ஒட்டிவிட்டுப் போகும். தூரத்தில் பார்த்தால் வெளுத்த அவரைக்காய்க் கொத்து மாதிரி இருக்கும். ஒரு உறைக்குள் நான்கைந்து முட்டை. ஏறக்குறைய மூன்று வாரத்தில் பொரியும். நாள் ஆக ஆக உறை உப்பி, கண்ணாடியாகி, உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும். அவை கண்கள். வெளியே வந்த அந்த நிமிடமே குஞ்சு நிறம் மாற்றும், மை பீச்சும், இறால் குஞ்சைத் துரத்தும்.

பெரிய கணவாய் கரையோரம் வருகிற காரணமே இந்த முட்டைதான். நாம் 'சீசன்' என்று கொண்டாடும் வாரங்களில் பெரிய பங்கு, அது ஆழத்தை விட்டு முட்டையிட இடம் தேடித் தாழைக்கு வருகிற வாரங்கள். ஆணும் பெண்ணும் சோடியாக நிற்கும். பெண் தூண்டிலில் மேலே வரும்போது ஆண் பின்னாலேயே தண்ணீர் மட்டம் வரை வந்து நிற்கும், அதையும் இன்னொரு தூண்டிலில் எடுத்துவிடலாம். எடுக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது அன்றைய அடுப்பு. ஆனால் பொழுதுபோக்குக்காக வருகிற என்னைப் போன்றவர்கள் முட்டைக் கொத்துகளுக்கு மேலே நின்று பிடிக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரு வருட ஆயுளில் அது ஒரே பருவம்தான் முட்டையிடுகிறது. அந்த முட்டை போனால் அடுத்த வருடம் அந்தத் திட்டுக்குத் திரும்பி வர ஆளில்லை. மேற்குக் கரையில் தென்னம்பாளைக் கட்டுகளைக் கடலில் இறக்கி, அதில் முட்டையிட வரும் ஓட்டுக்கணவாயைத் தூண்டிலில் பிடிக்கிற முறை பரவியபோது கர்நாடகத்தில் பெரிய தகராறே வந்தது. அந்தக் கட்டுகளை முட்டையோடு எடுத்துக்கொண்டு போனால் அடுத்த பருவத்துக்கு என்ன மிஞ்சும் என்று அந்த ஊர் மீனவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

தாழைத் திட்டு இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பருவமும் இருக்கும். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரில் இருப்பது கடற்பசு. காக்கப்படுவது அது மேய்கிற தாழை. அந்தத் தாழையில் முட்டை ஒட்டுகிற கணவாய்க்கும் அது வீடு.

பிடித்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கணவாயை ஐஸ் கரைந்த நன்னீரில் ஊறப்போட்டால் தோல் வெளுத்து, சதை ரப்பராகி, ருசி போய்விடும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பையோடு ஐஸுக்குள் வைக்க வேண்டும். நல்ல கணவாயின் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். விரலால் தட்டினால் பல மணி நேரம் கழித்தும் அந்த இடத்தில் நிறம் ஓடும். தோல் மொத்தமும் ஒரே இளஞ்சிவப்பாகிவிட்டால் பழசு. மையைப் பையோடு முழுசாக எடுத்து வைத்துக்கொண்டால் குழம்பில் கடைசியாக விடலாம். எங்கள் வீட்டில் அம்மா மிளகும் பூண்டும் நிறையப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்புதான் கணவாயைச் சேர்ப்பார். அதற்கு மேல் வெந்தால் ஒரு மணி நேரம் வேக வைத்துத்தான் மறுபடி மிருதுவாக்க முடியும்.

நண்பர் அடுத்த மாசியில் திரும்ப வந்தார். வருவதற்கு முன் போனில் கேட்டது, எந்தத் தேதியில் வரட்டும் என்றல்ல. "காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் வரச் சொன்னேன். இரவு எட்டேகால் மணிக்கு அவர் தூண்டில் கனத்தது. குழலைக் கடல் பக்கம் திருப்பச் சொல்லி மாமா கத்துவதற்குள் காரியம் முடிந்திருந்தது.